ஃபிராங்க் கரோல் கதையும் எங்கள் வீட்டுக் கேள்வியும்: பிள்ளையின் கோச்சை மாற்றலாமா?

சூளகிரி அப்பா

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஆறாம் வகுப்பு. ஓசூரில் ரோலர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள். ஸ்பீடு இல்லை, ஆர்டிஸ்டிக். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள குவாட் ஸ்கேட் போட்டுக்கொண்டு சுற்றுவது, தாவுவது, பாட்டுக்கு ஆடுவது. ஆரம்பத்திலிருந்து ஒரே மாஸ்டர். பிள்ளைகளை அதட்டாமல் வேலை வாங்குவார். ஆனால் அவரிடம் படித்த யாரும் மாநிலப் போட்டியைத் தாண்டிப் போனதில்லை. போன போட்டியில் பெங்களூரு அகாடமி ஒன்றின் ஆட்கள் இவளைப் பார்த்துவிட்டு, "எங்களிடம் விடுங்கள், இரண்டு வருடத்தில் நேஷனல்ஸ்" என்கிறார்கள். கட்டணம் இப்போது கட்டுவதைப்போல மூன்று மடங்கு. வீட்டில் தினமும் இதே பேச்சுதான்.

இந்த யோசனையில் ஐஸ் ஸ்கேட்டிங் பக்கம் படிக்கப் போனேன். ரோலர் ஆர்டிஸ்டிக்கில் பிள்ளைகள் சொல்லும் ஆக்ஸல், சால்கோ, லட்ஸ் என்ற தாவல் பெயர்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அப்படித்தான் ஃபிராங்க் கரோல் என்ற அமெரிக்க கோச்சைப் பற்றித் தெரிந்தது. 1938-இல் பிறந்தவர், 2024 ஜூனில் தன் 85-ஆவது வயதில் காலமானார். மிஷெல் குவான், லிண்டா ஃபிராட்டியானி, இவான் லைசாசெக், டெனிஸ் டென் எல்லாம் இவரிடம் கற்ற ஸ்கேட்டர்கள். மாணவர் கோச்சை விட்டுப் போவது, கோச் மாணவரை விட்டு விலகுவது, இரண்டுமே இவர் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு தக்காளி

அண்ணா, மே மாதம் நம்ம பக்கம் தார் ரோடே உருகுது. இங்கே ஐஸ் என்றால் சர்பத் கடையில் உடைத்துப் போடுவதுதான். அமெரிக்கா கோச் கதையை வைத்து ஓசூர் பிள்ளைக்கு முடிவெடுக்கப் போறீங்களா?

ராயக்கோட்டை ரிங்க்

தக்காளி தம்பி, ஐஸ் இல்லாத ஊர் என்பது சரிதான். இந்தியா முழுக்கவே செயற்கை ஐஸ் தளத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டியது ஒன்று. சிம்லாவில் இயற்கையாக உறையும் தளம். ஆனால் சூளகிரி அண்ணா கேட்பது ஐஸைப் பற்றி இல்லையே, கோச்சைப் பற்றித்தானே?

நான் சின்ன வயதில் ரோலர் ஆடியவன். கரோலைப் பல வருடங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரோலைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவருடைய குருவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் மாசசூசெட்ஸில் வூஸ்டர் ஊர்க்காரர், அங்கேயே ஹோலி கிராஸ் கல்லூரியில் படித்தார். ஸ்கேட்டிங் கற்றது மேரிபெல் வின்சன் ஓவனிடம். அந்த அம்மா சாதாரண ஆள் இல்லை. ஒன்பது முறை அமெரிக்க தேசிய சாம்பியன். 1932 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் வெண்கலம். கோச்சாக டென்லி ஆல்பிரைட்டை 1956 ஒலிம்பிக் தங்கம் வரை கொண்டுபோனவர். வாய் பொல்லாதது, கண்டிப்பு அதைவிட.

1961 பிப்ரவரி 15-ஆம் தேதி, உலகப் போட்டிக்காக பிராக் போய்க்கொண்டிருந்த அமெரிக்க அணி முழுவதும் பிரஸ்ஸல்ஸ் அருகே சபேனா விமான விபத்தில் செத்துப் போனது. வீரர்கள், கோச்சுகள், குடும்பத்தார், நடுவர்கள் யாருமே தப்பவில்லை. மேரிபெல்லும் அவருடைய இரண்டு மகள்களும் அந்த விமானத்தில் இருந்தார்கள். அந்த வருட உலகப் போட்டியையே ரத்து செய்தார்கள். ஒரு நாட்டின் ஸ்கேட்டிங் குருமார்களில் ஒரு தலைமுறையே ஒரே நாளில் போய்விட்டது.

கரோல் அப்போது ஐஸ் ஃபாலீஸ் என்ற ஊர் ஊராகப் போகும் ஐஸ் நடனக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு கலிபோர்னியாவில் கோச் ஆனார். மேரிபெல் அவருக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தையே தானும் பிடித்துக்கொண்டார். உடம்பு நிமிர்ந்திருக்க வேண்டும், பிளேடின் விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும், தரையிறங்கும்போது கால் வழிந்து ஓட வேண்டும். தாவல் எண்ணிக்கை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பென்னாகரம் கூத்துப்பிரியன்

இது நம்ம தெருக்கூத்து வாத்தியார் மாதிரி இருக்கிறதே! எங்கள் பக்கத்தில் அடவு சுத்தமாகாத பையனுக்கு வாத்தியார் துரியோதனன் வேஷம் கட்ட விடமாட்டார். எத்தனை வருடம் ஆனாலும் கட்டியங்காரன் பின்னால் நின்று தாளம் பார்க்க வேண்டியதுதான். அப்புறம் அவனே வாத்தியார் ஆகும்போது அதே கெடுபிடி.

மேலே சொல்லுங்க ராயக்கோட்டை.

ராயக்கோட்டை ரிங்க்

அவருடைய முதல் பெரிய மாணவி லிண்டா ஃபிராட்டியானி. 1977, 1979 இரண்டு உலகப் பட்டங்கள். காற்றில் மூன்று சுற்று சுழலும் தாவலில் இரண்டு வகையை ஒரே நிகழ்ச்சியில் செய்து காட்டிய பெண்களில் முன்னோடி. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் தங்கம் இவருக்குத்தான் என்று அமெரிக்கர்கள் நம்பினார்கள். கிடைத்தது வெள்ளி. தங்கம் கிழக்கு ஜெர்மனியின் அனெட் பெட்ச்சுக்கு. அவருடைய கோச் யூட்டா முல்லர், பின்னாளில் கத்தரினா விட்டை 1984, 1988 இரண்டு ஒலிம்பிக் தங்கங்களுக்குக் கொண்டுபோன அதே அம்மா.

தோல்விக்குக் காரணம் ஃபிகர்ஸ். அந்தக் காலத்தில் ஆட்டத்துக்கு முன்னால் ஐஸில் எட்டு போல வட்டங்களை பிளேடால் வரைய வேண்டும். ஒரு முறை வரைந்த கோட்டின் மேலேயே திரும்பவும் போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மொத்தத்தில் முப்பது சதவீதம் அதற்கே. பெட்ச் அதில் முதலிடம், லிண்டா மூன்றாமிடம். அந்தப் போட்டியில் ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட ஆட்டச் சுற்றை ஜெயித்த சுவிட்சர்லாந்தின் டெனிஸ் பீல்மானுக்குப் பதக்கமே இல்லை, நான்காவது இடம்! தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. 1990 உலகப் போட்டியோடு ஃபிகர்ஸை எடுத்தேவிட்டார்கள்.

அடுத்து கிறிஸ்டோபர் பௌமன். அசாத்தியத் திறமை, பயிற்சிக்கு மட்டும் வணங்காதவன். 1989 உலகப் போட்டியில் வெள்ளி. 1990-இல் ஹாலிஃபாக்ஸ் உலகப் போட்டியில் அமைத்துக்கொடுத்த ஆட்டத்தை விட்டுவிட்டு நடுவில் தன் இஷ்டத்துக்கு ஆடினான். அதிலும் வெண்கலம் வாங்கிவிட்டான் என்பதுதான் வேடிக்கை. கூட்டம் கைதட்டியது, கரோல் முகம் இறுகிப்போனது. அத்தோடு இருவரும் பிரிந்தார்கள். போதைப் பழக்கம் பௌமனை விடவே இல்லை. 2008-இல் நாற்பது வயதில் ஒரு விடுதி அறையில் இறந்து கிடந்தான்.

அரூர் பி.டி. சார்

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். பதக்கம் வாங்கிய பையனைக் கைவிட கோச்சுக்கு மனம் வருமா? பள்ளியில் கோகோ, கபடி அணிகளைப் பல வருடம் நடத்தினேன். நன்றாக ஆடுகிறவன் சொல் பேச்சு கேட்காவிட்டால் பொறுத்துப்போவதுதான் எல்லோருடைய வழக்கமும். கோப்பை வேண்டுமே. கரோல் செய்ததை நான் செய்திருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

காவேரிப்பட்டணம் அக்கா

மிஷெல் குவான் கதைக்கு வாங்க ரிங்க் தம்பி. எனக்கு அந்தப் பெண்ணைத்தான் தெரியும். தொலைக்காட்சியில் 1998 ஒலிம்பிக் பார்த்த ஞாபகம்.

அவங்க அப்பா அம்மா ஹாங்காங்கிலிருந்து போய்க் குடியேறியவர்கள். மகள்களின் பயிற்சிக்காக வீட்டையே விற்றார்கள் என்று படித்தேன். சூளகிரி அண்ணா, நீங்க மூன்று மடங்கு கட்டணத்துக்கே யோசிக்கிறீங்க! (கோவிக்காதீங்க. என் பையன் ஸ்பீடு ஸ்கேட்டிங். வீல் செட் விலையைக் கேட்டு எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.)

ராயக்கோட்டை ரிங்க்

அக்கா, அந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு எவ்வளவு நிம்மதி கிடைத்திருக்கும்!

மிஷெல் 1992 வாக்கில் கரோலிடம் வந்தாள். லேக் ஆரோஹெட் என்ற மலை ஊரில் பயிற்சி. சேலத்துக்கு ஏற்காடு மாதிரி லாஸ் ஏஞ்சலஸுக்கு அது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு கூத்து செய்தாள். இன்னும் ஒரு வருடம் ஜூனியரிலேயே இரு என்று கரோல் சொல்லியிருந்தார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து சீனியர் தகுதித் தேர்வில் ஆடித் தேறிவிட்டாள். திரும்பி வந்தவருக்குக் கடும் கோபம். ஆனால் துரத்தவில்லை. சீனியர் ஆகிவிட்டாய், இனி சீனியர் போல உழை என்று பயிற்சியை இறுக்கினார்.

1995 உலகப் போட்டியில் நன்றாக ஆடியும் நான்காவது இடம்தான். நடுவர்கள் கண்ணுக்கு அவள் குழந்தையாகவே தெரிந்தாள். அடுத்த வருடம் கரோலும் நடன அமைப்பாளர் லோரி நிக்கோலும் சேர்ந்து பாட்டு, உடை, கொண்டை, ஒப்பனை எல்லாவற்றையும் மாற்றினார்கள். 1996-இல் பதினைந்து வயதில் உலக சாம்பியன். மொத்தம் ஐந்து உலகப் பட்டங்கள்: 1996, 1998, 2000, 2001, 2003. முதல் நான்கும் கரோலோடு.

1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய முதல் சுற்றில் முதலிடம். ஃப்ரீ ஸ்கேட்டில் பிழையில்லாமல், ஆனால் கொஞ்சம் பத்திரமாக ஆடினாள். இன்னொரு அமெரிக்கப் பெண் டாரா லிப்பின்ஸ்கி துள்ளிக் குதித்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம்தான் அந்தப் பிரிவு. 2001 இலையுதிர் காலம், சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்குக்குச் சில மாதமே இருக்கும்போது மிஷெல் கரோலை விட்டு விலகினாள். பெரிய சண்டை என்று இருவருமே வெளியில் பேசியதில்லை. ஒலிம்பிக்குக்குக் கோச் இல்லாமல் போனாள். ஷார்ட்டில் முதலிடம். ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரு தாவலில் விழுந்தாள். ஷார்ட்டில் நான்காவது இடத்தில் இருந்த சாரா ஹியூஸ் தங்கம், ரஷ்யாவின் ஸ்லுட்ஸ்கயா வெள்ளி, மிஷெல் வெண்கலம்.

பாலக்கோடு தக்காளி

அப்போ விஷயம் முடிஞ்சுது. கோச்சை விட்டுப் போனாள், தங்கம் போச்சு. சூளகிரி அண்ணா, மாஸ்டரை மாத்தாதீங்க.

ராயக்கோட்டை ரிங்க்

அவ்வளவு சீக்கிரம் முடியாது தம்பி. கரோல் கூடவே இருந்த 1998-லும் தங்கம் வரவில்லையே. கரோல் இல்லாமல் 2003-இல் உலகப் பட்டம் வந்ததே.

இன்னொன்று. அதே 2002 ஒலிம்பிக்கில் கரோலும் ரிங்க் ஓரத்தில் நின்றார், திமோதி கேபலுக்காக. அவனுக்கும் வெண்கலம்தான், நான்கு சுற்றுத் தாவலை மூன்று முறை போட்டு. இந்தக் கேபல் எங்கிருந்து வந்தான்? இன்னொரு கரோல், கரோல் ஹைஸ் ஜென்கின்ஸ் என்ற 1960 ஒலிம்பிக் சாம்பியனிடம் வருடக்கணக்காகக் கற்றுவிட்டு, 2000-இல் அவரை விட்டு இவரிடம் வந்தவன். அந்த நான்கு சுற்றுத் தாவலையெல்லாம் அந்த அம்மாவிடம் இருந்தபோதே போட ஆரம்பித்துவிட்டான். ஃபிராங்க் கரோல் கொடுத்தது மெருகு: கை, தோள், பாட்டோடு ஒட்டி ஆடுவது.

டெனிஸ் டென்னும் அப்படியே. கஜகஸ்தான் பையன், மாஸ்கோவில் பயிற்சி எடுத்துவிட்டு 2010-இல் கலிபோர்னியா வந்தான். 2014 சோச்சியில் வெண்கலம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அவன் நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2018-இல் அல்மாட்டியில் கார் கண்ணாடி திருட வந்தவர்கள் குத்திக் கொன்றுவிட்டார்கள். வயது 25.

கரோலிடம் வந்து பதக்கம் வாங்கியவர்களில் பாதிப்பேர் வேறொரு கோச்சை விட்டு வந்தவர்கள். மிஷெல் போனதை மட்டும் துரோகம் என்றால், கேபல் வந்ததை என்னவென்று சொல்வது?

அரூர் பி.டி. சார்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முதல் வாத்தியார் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. பதக்கம் வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர்தான் போட்டோவில் இருப்பார்.

நம் பக்கத்து மாவட்டத்து மாரியப்பனைப் பாருங்கள். பெரியவடகம்பட்டிப் பையன், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதல் தங்கம். பெங்களூரு போய் சத்தியநாராயணாவிடம் பயிற்சி எடுத்த பிறகுதான் அந்த உயரம் வந்தது. ஆனால் அவரை முதலில் உயரம் தாண்டச் சொன்னது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஓசூர் மாஸ்டரும் அந்த வரிசையில் வருகிறவர்தான். உங்கள் மகளை இன்னொருவர் கண்ணில் படும்படி ஆட வைத்தது யார்? அகாடமிக்காரர்கள் பார்த்தது அவருடைய வேலையைத்தானே.

சூளகிரி அப்பா

சார், அதுதான் என்னையும் உறுத்துகிறது. அவரிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. சொல்லாமல் நின்றுவிடுவதுதான் இங்கே வழக்கம். ஒரு மாதம் வராவிட்டால் அவரே புரிந்துகொள்வார் என்பார்கள்.

காவேரிப்பட்டணம் அக்கா

அதை மட்டும் செய்யாதீங்க அண்ணா. எங்கள் பையனோடு ஆடிய ஒரு பிள்ளை அப்படித்தான் நின்றது. அந்தக் கோச் சார் இரண்டு மாதமாக "காய்ச்சலா, ஊருக்குப் போயிருக்கானா" என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாலக்கோடு தக்காளி

ஒத்துக்கொள்கிறேன், கதை சுவாரசியம்தான். ஆனால் கரோலுக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைத்ததா இல்லையா? அதைச் சொல்லாமலே போறீங்களே.

ராயக்கோட்டை ரிங்க்

கிடைத்தது. 2010 வான்கூவர், இவான் லைசாசெக். கரோலுக்கு அப்போது 71 வயது. ஃபிராட்டியானியின் வெள்ளிக்கும் இதற்கும் நடுவில் முப்பது வருடம்.

லைசாசெக் சிகாகோ பக்கத்துப் பையன். பள்ளி முடித்ததும் 2003-இல் கரோலிடம் வந்தவன், அங்கேயே தங்கிவிட்டான். எதிரில் ரஷ்யாவின் பிளஷென்கோ, 2006 தங்கக்காரர். அவருக்கு அலெக்சி மிஷின் கோச். பிளஷென்கோ நான்கு சுற்றுத் தாவலும் அதோடு ஒட்டி மூன்று சுற்றுத் தாவலும் போட்டார். லைசாசெக் நான்கு சுற்று போடவே இல்லை. முடிவு: லைசாசெக் 257.67, பிளஷென்கோ 256.36. வித்தியாசம் 1.31 புள்ளி. 1988-க்குப் பிறகு அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஆண்கள் தங்கம்.

பாலக்கோடு தக்காளி

இது அநியாயம்! பெரிய சிக்ஸர் அடித்தவன் தோற்றான், ஒண்ணு ரெண்டு ஓடினவன் ஜெயித்தானா?

ராயக்கோட்டை ரிங்க்

பிளஷென்கோவும் ஏறக்குறைய இதையே சொன்னார். நான்கு சுற்று இல்லாத ஒலிம்பிக் சாம்பியனா என்று உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

ஆனால் கணக்கு அப்படி இல்லை. 2002 ஒலிம்பிக் ஜோடிப் போட்டியின் நடுவர் ஊழலுக்குப் பிறகு, ஆறு புள்ளிக்கு மதிப்பெண் போடும் பழைய முறையை எடுத்துவிட்டு ஒவ்வொரு அசைவுக்கும் தனி மதிப்பு வைத்தார்கள். எப்படி முடித்தாய் என்பதற்குக் கூட்டல் கழித்தல். அப்போது ஆட்டத்தின் பிற்பாதியில் வரும் தாவலுக்குப் பத்து சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். களைத்த காலோடு தாவுவது கடினம் அல்லவா? கரோலும் லைசாசெக்கும் இந்த விதியைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். தாவல்களைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். சுழற்சிகளிலும் கால் வேலையிலும் ஒரு புள்ளிகூட விடவில்லை. லைசாசெக்குக்கு முந்தைய வருடம் பாத எலும்பில் கீறல் வேறு. நான்கு சுற்றுக்கு முயன்று விழுவதைவிட, முடிவதை எல்லாம் சுத்தமாகச் செய் என்பது கோச்சின் கணக்கு.

என் அபிப்பிராயம் கேட்டால், அந்த இரவு லைசாசெக்தான் நன்றாக ஆடினான். பிளஷென்கோவின் தாவல்கள் பல காற்றில் சாய்ந்து எப்படியோ நின்றவை. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

பென்னாகரம் கூத்துப்பிரியன்

நான் ஒத்துக்கொள்ளவில்லை. விளையாட்டு முன்னே போவது துணிந்தவனால்தான். அடவு சுத்தம் வேண்டும் என்று நான்தான் மேலே சொன்னேன், ஆனாலும் கடைசியில் ஜனம் விடியவிடிய உட்கார்ந்திருப்பது துரியோதனன் கிறுகி அடிப்பதைப் பார்க்கத்தான். அடுத்த ஒலிம்பிக்குகளில் நான்கு சுற்று இல்லாமல் ஆண்களில் யாராவது ஜெயித்தார்களா?

ராயக்கோட்டை ரிங்க்

இல்லை. அது உண்மை.

இன்னொரு தகவல், இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. மிஷெல் குவான் 2005-இல் ஒன்பதாவது அமெரிக்க தேசியப் பட்டம் வென்றாள். மேரிபெல் வின்சன் ஓவனின் சாதனைக்குச் சமம். குருவின் எண்ணிக்கையை கரோலின் மாணவி எட்டிப் பிடித்தபோது அவர் அவளுடைய கோச்சாக இல்லை. ஒன்பதில் ஐந்து அவர் கூட இருந்தபோது வந்தவை.

அரூர் பி.டி. சார்

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

சரி, சூளகிரி தம்பி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். "இரண்டு வருடத்தில் நேஷனல்ஸ்" என்று பிள்ளையை ஒரு போட்டியில் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறவர் வியாபாரி. நல்ல கோச் முதலில் குறையைச் சொல்வார். மகளுக்கு என்ன வரவில்லை, எதை முதலில் திருத்துவீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் தாவலில் ஆரம்பிக்கிறதா, நிற்பதில் ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். அங்கே படிக்கிற சின்னப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். சாம்பியன்களை வேண்டாம், கடைசி வரிசைப் பிள்ளைகளை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் வளரும் வயதில் எவ்வளவு சுமை கொடுக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

ராயக்கோட்டை ரிங்க்

சார் சொன்னதோடு ஒன்று. ஐஸில் போனாலும் ரோலர் ஆர்டிஸ்டிக்கில் ஃபிகர்ஸ் போட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. தரையில் வரைந்த வட்டத்தின் மேல் சக்கரம் விலகாமல் போக வேண்டும். அகாடமியில் தரையில் வட்டம் வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அடிப்படைக்கு நேரம் ஒதுக்குவதில்லை என்றே நான் நினைப்பேன். உங்கள் ஓசூர் மாஸ்டர் வட்டம் போடுகிறாரா?

சூளகிரி அப்பா

போடுகிறார். மழை பெய்து அழியும்போதெல்லாம் சாக்பீஸில் திரும்ப வரைவார். மகளுக்கு அதுதான் பிடிக்காத பாடம்!

இன்று மாலை அவரிடம் பேசிவிட்டேன். நான் பயந்த மாதிரி எதுவும் இல்லை. அகாடமிக்காரர்கள் கேட்டது நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "ஆக்ஸல் வரைக்கும் என்னால் சொல்லித்தர முடியும், அதற்கு மேல் இரட்டைச் சுற்றுக்கு எனக்கே அனுபவம் போதாது" என்றார். வாரம் இரண்டு நாள் அங்கே, மீதி நாள் இங்கே என்று முடியுமா என்று அவரே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு பெங்களூரு போகிறேன். அகாடமிக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

காவேரிப்பட்டணம் அக்கா

அவர்கள் முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில்தான் அண்ணா. போகும்போது ஸ்பீடு பிரிவுக்கு என்ன கட்டணம் என்றும் விசாரித்துச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்.

ராயக்கோட்டை ரிங்க்

அவர்கள் தரை மரமா, சிமெண்டா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மரத்தரையில் ஓசூர் வீல்களே சரிப்படாமல் போகலாம், சுழற்சிக்குக் கடினமான வீல் வேண்டியிருக்கும். புதுசு வாங்கச் சொன்னால் உடனே வாங்க வேண்டாம், என்னிடம் பழைய செட் ஒன்று இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.